மீன் வீடும் ஐந்து அறிகுறிகளும்

லூன்ஸ்பெர்க் பரஸ்பர நம்பிக்கை வங்கியில் நம்பிக்கைக்கென்று தனியாக ஒரு படிவம் உண்டு. மூன்று பிரதி. நீல மையில்தான் நிரப்ப வேண்டும். கறுப்பு மையில் நிரப்பினால் நம்ப மாட்டார்கள்.

இந்த விஷயம் வெர்லின் டாலெஃப்சனுக்கு அறுபத்திரண்டு வயது வரைக்கும் தெரியாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மாதம் ஒருமுறை வங்கிக்குப் போவார், காசாளர் ஜன்னலில் இருக்கும் பெண்ணிடம் வானிலை பற்றி நாலு வார்த்தை பேசுவார், கொஞ்சம் பணம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் பாட்டுக்கு இருந்தார், வங்கி அது பாட்டுக்கு இருந்தது. நடுவில் மீன் வீடு வந்து கெடுத்தது.

மீன் வீடு என்றால் ஏதோ பெரிதாக நினைக்க வேண்டாம். பலகையில் அடித்த ஒரு அறை. அடியில் சறுக்குக் கட்டை, தரையில் ரெண்டு ஓட்டை, மூலையில் ஒரு அடுப்பு, நாலு நாற்காலி. ஏரி உறைந்ததும் அதை இழுத்துப்போய்ப் பனிமேல் நிறுத்தி, ஓட்டை வழியாகத் தூண்டில் போட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். மினசோட்டாவின் வடக்கே ஆண்கள் இதை விளையாட்டு என்கிறார்கள். பெண்களும் மறுப்பதில்லை, ஆள் வீட்டில் இல்லாமல் இருக்கிறானே என்று.

இந்த வருஷம் வெர்லினுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அதோடு வண்டியின் கியர்பாக்ஸும் போய்விட்டது. மீன் வீடோ ஏரி நடுவில் நிற்கிறது. மார்ச் மாதம் மூன்றாம் திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் ஏரிமேல் ஒரு குச்சிகூட நிற்கக் கூடாது என்பது சட்டம். நின்றால் மீன்வளக் காவலர் அபராதச் சீட்டு எழுதுவார். அதற்குள் பனி உருகி வீடு உள்ளே போய்விட்டால், ஏரியின் அடியிலிருந்து அதைத் தூக்குகிற செலவும் சொந்தக்காரன் தலையில்தான்.

அதனால் அவர் மனைவி ஆர்டிஸ் இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டாள். "மீன் வீடு. ஆயிரத்து அறுநூறு டாலர். வாங்குகிறவரே இழுத்துச் செல்ல வேண்டும்."

மறுநாளே பதில் வந்தது.

"அன்புள்ள விற்பனையாளரே, தங்கள் பொருள் நல்ல நிலையில் உள்ளதா? நான் நடுக்கடலில் எண்ணெய் மேடையில் பொறியாளர். நேரில் வர இயலாது. பொருளைப் பார்க்காமலே எனக்குப் பிடித்துவிட்டது. காசோலை அனுப்புகிறேன். கடவுள் தங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக."

வெர்லின் உருகிப் போனார். "பாவம் ஆர்டிஸ், கடல் நடுவுல இருக்கான். ஆனாலும் எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான் பாரு."

"கடல் நடுவுல இருக்கிறவனுக்கு மீன் பிடிக்க வீடு எதுக்குய்யா?" என்றாள் ஆர்டிஸ். "கைய விட்டாலே மீனுதான்."

செவ்வாய்க்கிழமை காசோலை வந்தது. கனத்த காகிதம், ஓரத்தில் பூவேலை, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கழுகு. தொகை நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது டாலர். கூடவே ஒரு சீட்டு. தங்கள் பங்கு ஆயிரத்து அறுநூறைத் தாங்கள் எடுத்துக்கொள்ளவும். மீதி மூவாயிரத்து இருநூற்று ஐம்பது, வீட்டை இழுத்துச் செல்லும் வண்டிக்காரருக்கு. அவர் பணமாக வாங்க மாட்டார். கிஃப்ட் கார்டாக வாங்கி, பின்பக்கம் இருக்கும் எண்ணைச் சுரண்டிப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பவும்.

ஆர்டிஸ் குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் காட்டினாள். அங்கே லூன்ஸ்பெர்க் வங்கியே அச்சடித்து வீடு வீடாக அனுப்பிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஏமாறாதீர்! போலிக் காசோலையின் ஐந்து அறிகுறிகள்.' பார்க்காமலே வாங்குகிறவன். விலைக்கு மேல் தொகை. மிச்சத்தைத் திருப்பி அனுப்பு என்பது. கிஃப்ட் கார்டு. அவசரம்.

"அஞ்சுக்கு அஞ்சு. உன் ஸ்கூல் பசங்ககூட இப்படி மார்க் வாங்கியிருக்க மாட்டானுங்க," என்றாள்.

தாளின் அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'சந்தேகமா? காசோலையோடு எங்களிடம் வாருங்கள். நாங்கள் இருக்கிறோம்.'

வெர்லின் போனார். அங்கேதான் வினை.

லூன்ஸ்பெர்க்கில் ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் வானிலை பேச வேண்டும். அது முடிவதற்குள் விஷயத்துக்கு வருவது, சேற்றுக் காலோடு அடுத்தவர் சமையலறைக்குள் நுழைகிற மாதிரி. இன்னொன்று, பேசிக்கொண்டிருக்கிறவரை நடுவில் மறிக்கக் கூடாது. மறித்தவன் பெயர் ஊரில் ரெண்டு தலைமுறைக்குக் கெடும். வெர்லின் இந்த ரெண்டு விஷயத்திலும் ஊரிலேயே கெட்டிக்காரர்.

ஜன்னலில் மக்கேனா என்ற இளம்பெண் இருந்தாள். வெர்லின் காசோலையை மேடைமேல் வைத்தார்.

"என்ன சார், பனி உருக ஆரம்பிச்சிருச்சு போல?"

"ஆமாமா. காத்து தெக்கால இருந்து அடிக்குது."

"எங்கக்கா வீட்டுக் கூரை ஒழுகுதாம் சார். அதுவும் நேத்து சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு, கோழி எல்லாம் போட்டு பெரிய தட்டுல செஞ்சு வச்சிருக்கா, மேலேந்து தண்ணி சொட்டு சொட்டுன்னு அதுலயே விழுது. அவ என்ன பண்ணா தெரியுமா, மேல இன்னும் கொஞ்சம் சீஸ தூவி..."

பேசப் பேச அவள் கை தன் பாட்டுக்குக் காசோலையை எடுத்தது, இயந்திரத்தில் செருகியது, முத்திரை குத்தியது. வெர்லின் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ரெண்டு தடவை திறந்தது. ஆனால் அக்கா கதை முடியவில்லையே.

"...ஒருத்தருக்கும் தெரியல சார், ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிட்டாங்க. இந்தாங்க ரசீது."

"ரொம்ப நல்லதும்மா," என்றார் வெர்லின். "அந்த செக்கு போலி."

மக்கேனா முழி முழி என்று முழித்தாள். "போட்டுட்டேனே சார்."

"எடுத்துரலாம்ல?"

"போட்டத எடுக்க முடியாது சார். வேணும்னா பணமா எடுத்துக்கலாம். நாளைக்குக் கிடைக்கும்."

கிளை மேலாளர் அறைக்கு அனுப்பினார்கள். டார்லீன் ஸ்க்ராம்ஸ்டாட் என்ற அந்த அம்மாள் இருபத்தாறு வருஷமாக வங்கியில் இருக்கிறார். சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தார். 'என்னை நம்புங்கள்' என்று அதில் எழுதியிருந்தது.

"மிஸ்டர் டாலெஃப்சன், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். எங்க கிளைல மோசடி நடக்கவே நடக்காது. ஏன்னா மோசடின்னு ஒத்துக்கிற அதிகாரம் இங்க யாருக்கும் கிடையாது. அது தலைமை அலுவலகத்துக்குத்தான்."

"செக்கைப் பாத்தாலே தெரியுதேம்மா. உங்க தாள்லயே அஞ்சு அறிகுறி..."

"அது பொதுமக்களுக்கு. நாங்க படிக்கிறதுக்கு இல்ல." கணினியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகான செக்! கழுகெல்லாம் இருக்கு."

"அந்தப் பணம் நெசமாவே என் கணக்குல இருக்கா?"

"நாளைக்குக் காலைல கிடைக்கும்."

"அப்போ இருக்கு?"

"கிடைக்கும்னா வேற, இருக்குன்னா வேற, மிஸ்டர் டாலெஃப்சன். கிடைக்கும். ஆனா இருக்காது. செக்கை எழுதின பேங்க் பணம் தந்தாத்தான் இருக்கும். அதுக்குப் பத்து நாளும் ஆகலாம், மாசமும் ஆகலாம்."

"அதுக்குள்ள நான் எடுத்துச் செலவு பண்ணிட்டா?"

"தாராளமா. அப்புறம் செக் திரும்பி வந்துச்சுன்னா, நீங்க எடுத்தது எங்ககிட்ட வாங்கின கடன் ஆயிடும்."

"நான் கடன் கேக்கலையே."

"நாங்களா கொடுத்தோம்," என்றார் டார்லீன், பெருமையாக. "அதுக்குப் பேருதான் சேவை."

வெர்லின் வீட்டுக்கு வந்து ஆர்டிஸிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு வெகு நேரம் பாத்திரம் தேய்த்தாள். அழுக்கு இல்லாத பாத்திரம்.

"ஒரு பைசா தொடாத. அந்தக் கடல்காரனுக்கு ஒரு கார்டும் அனுப்பாத. கேட்டுதா?"

"கேட்டுது. ஆனா அவன் காலைலேந்து பதினோரு மெசேஜ் போட்டுட்டான். பதில் போடாம இருக்கிறது மரியாதையா இல்ல ஆர்டிஸ்."

"என்ன போட்ட?"

"வெயில் நல்லா அடிக்குதுன்னு போட்டேன்."

ஆர்டிஸ் போனைப் பிடுங்கித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை ஒரு பெட்டி வந்தது. கணக்கில் நாலாயிரத்துக்கு மேல் தொகை சேர்ந்ததால் வெர்லினை 'தங்கப் பைன்காய்' வாடிக்கையாளராக உயர்த்தியிருக்கிறார்களாம். பெட்டிக்குள் ஒரு கம்பளிப் போர்வை இருந்தது, வங்கியின் பெயர் பின்னியது. இனிமேல் கிளைக்கு வந்தால் காகிதக் கோப்பையில் இல்லை, பீங்கானில் காப்பி. போர்வையைத் தொடுவதா வேண்டாமா என்று வெர்லினுக்குத் தெரியவில்லை. அது கிடைத்திருக்கிறதா, இருக்கிறதா?

வியாழக்கிழமை நிஜமாகவே வாங்குகிற ஆள் வந்தார். டொய்வோ கங்காஸ். ஏரிக்கரையிலேயே வீடு, எழுபத்தைந்து வயது, புகைபோட்ட மீன் வாசனை. விளம்பரத்தைப் பேரன் காட்டினானாம். டிராக்டரில் பனிமேல் போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், அடுப்பைத் தட்டினார், சறுக்குக் கட்டையைக் காலால் உதைத்தார்.

"எவ்வளவு?"

"ஆயிரத்து அறுநூறு."

"சரி."

டொய்வோவின் கணக்கில் இது நீளமான பேரம். அங்கேயே மார்புப் பையிலிருந்து கசங்கிய காசோலைப் புத்தகத்தை எடுத்து, டிராக்டர் மூடிமேல் வைத்து எழுதிக் கொடுத்தார்.

"இப்பவே இழுத்துட்டுப் போயேன் டொய்வோ," என்றார் வெர்லின்.

"பேங்க் சரின்னு சொல்லட்டும். பணம் சேராம பொருள எடுத்தா திருடின மாதிரி. பின்னால ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவானுங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. டொய்வோவின் கணக்கும் அதே வங்கியில்தான், முப்பத்தெட்டு வருஷமாக. ரெண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். பீங்கானில் காப்பி வந்தது. வெர்லினுக்கு மட்டும்.

டார்லீன் டொய்வோவின் காசோலையை விரல் நுனியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"விலை ஆயிரத்து அறுநூறு. செக்கும் ஆயிரத்து அறுநூறு. சரியா அதே தொகை. எங்க அனுபவத்துல இது ரொம்ப அபூர்வம்."

"வெல அதான?" என்றார் டொய்வோ.

"கையெழுத்தும் நடுங்குது."

"எழுவத்தஞ்சு வயசாச்சு. நடுங்காம டான்ஸா ஆடும்?"

"கோவிச்சுக்காதீங்க சார். வாங்குறவர் நேர்ல வந்திருக்கார், பொருளைப் பாத்திருக்கார், அவசரமும் படல. இதெல்லாம் எனக்கு உறுத்துது. மோசடிக்காரன் எப்பவும் நம்புற மாதிரியேதான் வருவான்."

வெர்லின் மெல்லக் கேட்டார். "அப்போ அந்த நடுக்கடல் ஆளு?"

"அவரை நாங்க பாக்கவே இல்லையே, மிஸ்டர் டாலெஃப்சன். பாக்காத ஒரு மனுஷனை எப்படி சந்தேகப்படறது? அது பண்பாடா?"

டொய்வோவின் காசோலை ஒன்பது வேலை நாளைக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. டொய்வோவுக்கு மூக்கு சிவந்தது. "என் பணம் உங்க பேங்க்லதான கெடக்கு? அந்தக் கம்ப்யூட்டர்ல தெரியுதா இல்லியா?"

"தெரியுது சார். ஆனா அது வேற ஜன்னல்."

"செக்கு வேணாம். ரொக்கமா குடு. நான் இவன் கைல குடுத்துட்டுப் போறேன்."

டார்லீன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தாழ்ந்தது, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி. "சார், இவரை உங்களுக்கு ஆன்லைன்லதான் பழக்கமா?"

"இவனையா? முப்பது வருஷமா தெரியும். என் மூணு பசங்களையும் பஸ்ல ஏத்திட்டுப் போனவன்."

"விளம்பரத்த ஆன்லைன்லதான பாத்தீங்க?"

"பாத்தேன்."

"அப்போ ஆன்லைன் பழக்கம்தான்."

டொய்வோவை 'அமைதியாகச் சிந்திக்கும் அறை'யில் நாற்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு நாற்காலி, ஒரு செடி, ஒரு புதினா மிட்டாய், ஐந்து அறிகுறிகள் தாள். வெளியே வரும்போது மிட்டாய் அப்படியே கையில் இருந்தது.

"யோவ் வெர்லின். அம்பத்தேழுல எங்கப்பன் இந்த பேங்க்ல பணம் போட்டான். அன்னிக்கே எங்கம்மா சொன்னா, மெத்தைக்கு அடியில வையின்னு."

"பேங்க் சொல்றதுக்கு முன்னாடியே வீட்டை எடுத்துக்கலாமே டொய்வோ?"

"அது எடுக்கக் கூடாது. மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார் டொய்வோ. கோபம் வேறு, முறை வேறு.

வெள்ளிக்கிழமை, கழுகு போட்ட காசோலை திரும்பி வந்துவிட்டது. அதை எழுதியதாகச் சொன்ன வங்கி, எங்களிடம் கழுகே கிடையாது என்று எழுதியிருந்தது. நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பதும் கணக்கிலிருந்து போனது. வெர்லின் ஒரு பைசாவும் தொடாததால் அவர் சொந்தப் பணம் தப்பித்தது. திரும்பி வந்ததற்குக் கட்டணம் மட்டும் முப்பத்தைந்து டாலர். அதோடு ஒரு கடிதம். 'தங்கள் கணக்கில் போலிக் காசோலை செலுத்திய நபர் தாங்களே என்று கண்டறிந்துள்ளோம். தங்கள் கணக்கு முடக்கப்படுகிறது. போர்வையைத் திருப்பி அனுப்பவும்.'

மதியம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மோசடித் தடுப்பு அதிகாரி ராண்டால் ப்ரோசெக்.

"மிஸ்டர் டாலெஃப்சன், ஒரே ஒரு கேள்வி. போலின்னு தெரிஞ்சே போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?"

"தெரிஞ்சுது. ஆனா நான் போடல. போலின்னு சொல்லத்தான் வந்தேன்."

"சொன்னது எத்தன மணிக்கு?"

"அந்தப் பொண்ணோட அக்கா கதை முடிஞ்சப்புறம்."

எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "இங்க ரெண்டு கட்டம்தான் சார் இருக்கு. தெரிஞ்சு போட்டா குற்றவாளி. தெரியாம போட்டா ஏமாளி."

"மூணாவது?"

"மூணாவது இருந்தா நாங்க யோசிக்க வேண்டியிருக்கும் சார். நேரம் ஆகும். வாடிக்கையாளர் நேரத்த நாங்க வீணாக்குறதில்ல." ராண்டால் தொண்டையைச் செருமினார். "அப்புறம், போலிச் செக் எந்தப் பொருளுக்கு எழுதப்பட்டுதோ அந்தப் பொருள் சாட்சி. அது எங்க இருக்கு?"

"ஏரி நடுவுல."

"நல்லது. திங்கட்கிழமை மதியம் அங்கயே விசாரணை. அதுவரைக்கும் யாரும் அதத் தொடக் கூடாது."

"சார், திங்கட்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அது ஏரிய விட்டுப் போகணும். சட்டம்."

"சட்டம் அவங்களுக்கு இருக்கலாம் சார். எங்களுக்கு நடைமுறை இருக்கு."

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வெயில் கொளுத்தியது. கரையோரம் பனி சாம்பல் நிறமாகிவிட்டது. மற்ற மீன் வீடுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஞாயிறு சாயந்திரம் ஏரிமேல் வெர்லினுடையது மட்டும் தனியாக நின்றது. மீன்வளக் காவலர் வந்து பார்த்துவிட்டு, "நாளைக்குப் பொழுது சாயறவரைக்கும்தான், வெர்லின். உனக்காக சூரியன் காத்திருக்காது," என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வதற்கு முன்னால் வானிலை பேசினார், பத்து நிமிஷம்.

திங்கட்கிழமை ரெண்டு மணிக்கு ராண்டாலும் டார்லீனும் வந்தார்கள். கரையில் காரை விட்டுவிட்டு, பளபள என்ற அலுவலக ஷூவோடு பனிமேல் நடந்து வந்தார்கள். ராண்டால் ஒரு தடவை விழுந்தார். டார்லீன் ரெண்டு தடவை. ராண்டால் எழுந்து, தான் விழுந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டார்.

டொய்வோவும் டிராக்டரோடு வந்திருந்தார். ஆர்டிஸ் அவர் பக்கத்தில் கைகட்டி நின்றாள்.

"சம்பந்தப்படாதவங்க வெளிய," என்றார் ராண்டால். "வாடிக்கையாளரோட தனியுரிமை ரொம்ப முக்கியம். ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"நடைமுறை நாப்பத்திநாலு பக்கம்மா. முழுசா வாசிக்கணும். கடைசிலதான் உத்தரவு."

"அதுவரைக்கும் உத்தரவுன்னு ஒண்ணு இல்ல?"

"கையெழுத்து ஆகுற வரைக்கும் எப்படிம்மா இருக்கும்?"

"சரி," என்றாள் ஆர்டிஸ். வேறெதுவும் கேட்கவில்லை. வெர்லினுக்கு அவளைத் தெரியும். ஆர்டிஸ் இவ்வளவு சுருக்கமாகப் பேசினால் ஏதோ ஒன்று நடக்கப்போகிறது.

உள்ளே அடுப்பு எரிந்தது. தரை ஓட்டைகளை மூடி போட்டு மூடியிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ராண்டால் வாசிக்க ஆரம்பித்தார்.

"பிரிவு ஒன்று. இந்த ஆவணத்தில் 'காசோலை' என்ற சொல் காசோலையைக் குறிக்கும்..."

நாலாவது பக்கத்தில் வெளியே சங்கிலிச் சத்தம் கேட்டது. இருபது வருஷமாக இந்த வீட்டைச் சங்கிலி போட்டு இழுத்தவர் வெர்லின். எந்த வளையத்தில் எந்தக் கொக்கி மாட்டுகிறது என்று அந்தச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பலகைக்கு அந்தப் பக்கம் குரல்களும் கேட்டன.

"உள்ள ஆளு இருக்கே ஆர்டிஸ்?"

"இருக்கட்டும். மூணு பேரு வெயிட்டுதான். உன் டிராக்டர் இழுக்காதா?"

"அதில்ல. பணம் சேராம பொருள எடுக்கிறது மொற இல்லியே."

"நீ எங்க எடுக்கிற? உன் வீட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற. நிறுத்துறதுக்குக் கூடவா செக்கு எழுதுவ?"

டொய்வோ யோசிக்கிறார். பிறகு டிராக்டர் உறுமியது.

வெர்லின் நியாயமான மனிதர். உடனே கையைத் தூக்கினார்.

"கேள்வியெல்லாம் கடைசில, மிஸ்டர் டாலெஃப்சன்," என்றார் ராண்டால், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெர்லின் கையை இறக்கினார்.

வீடு ஒரு குலுங்கு குலுங்கியது. மெதுவாக நகர ஆரம்பித்தது. அடுப்புமேல் இருந்த காப்பிக் கெட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. டார்லீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏரி எப்பவும் இப்படித்தான் ஆடுமா?"

வெர்லின் மறுபடி கையைத் தூக்கினார்.

"டார்லீன், தயவுசெஞ்சு," என்றார் ராண்டால். "வாசிக்கும்போது குறுக்கிட்டா மொதல் பக்கத்துலேந்து ஆரம்பிக்கணும். அது பிரிவு மூணு." டார்லீன் வாயை மூடிக்கொண்டார். வெர்லினும் கையை மடிமேல் வைத்துக்கொண்டார். முதலிலிருந்து கேட்கிற தெம்பு அந்த அறையில் யாருக்கும் இல்லை.

பதினேழாம் பக்கத்தில் அடியில் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம் வந்தது. கரையோரப் பனிதான், சாம்பல் நிறமாகிக் கிடந்ததே அது. வெர்லின் மனசுக்குள் பிரார்த்தனை செய்தார். எங்கோ 'படார்' என்று பனி விரிசல் விட்டது. டொய்வோ தன் முன்னோரின் ஃபின்னிஷ் மொழியில் ஒரு வார்த்தை கத்தினார், அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. டிராக்டர் இன்னும் பலமாக உறுமியது. பத்தொன்பதாம் பக்கத்தில் வீடு முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் சாய்ந்தது. மூன்று நாற்காலியும் சுவரோரம் சறுக்கிப் போயின. ராண்டால் சாய்ந்தபடியே வாசித்தார். அந்த மனிதரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஒரு வரியை விட்டார் என்று மட்டும் சொல்ல முடியாது.

அப்புறம் சமமாயிற்று. சறுக்குக் கட்டைக்கு அடியில் சரளைக் கல் நறநறத்தது. பிறகு எல்லாம் அமைதி. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

நாற்பத்திநாலாம் பக்கம் முடிய மணி நாலரை ஆயிற்று. ராண்டால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து நின்றார்.

"உத்தரவு. மேற்படி மீன் வீடு, விசாரணை முற்றிலும் முடியும்வரை, இந்த நிமிடம் நிற்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலமும் நகர்த்தப்படக் கூடாது. நகர்த்துபவர் யாராயினும், வங்கி ஊழியர் உட்பட, கடும் நடவடிக்கைக்கு உள்ளாவர்." கையெழுத்துப் போட்டார். டார்லீனும் போட்டார். முத்திரை மூன்று தடவை விழுந்தது. "இப்ப கேள்வி கேக்கலாம்."

"ஒண்ணே ஒண்ணுதான் சார்," என்றார் வெர்லின். "நாம இப்ப எங்க இருக்கோம்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாமோன்னு தோணுது."

ராண்டால் திரையை விலக்கினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பசு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தார்கள். டொய்வோவின் மாட்டுக் கொட்டகை வாசல். டொய்வோ டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் ஏரி தெரிந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை, ஒரு குச்சிகூட இல்லை. கரையில் மீன்வளக் காவலர் தன் குறிப்பேட்டில் எதையோ அடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"இது ஏரி இல்ல," என்றார் டார்லீன்.

"இல்லங்க," என்றார் டொய்வோ. "ஏரி அதோ."

ராண்டால் காகிதத்தைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "உடனே இதத் திருப்பி..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். வங்கி ஊழியர் உட்பட என்று எழுதியதே அவர்தானே.

"உத்தரவ மாத்த முடியுமா சார்?" என்று டார்லீன் மெல்லக் கேட்டார்.

"முடியும். தலைமை அலுவலகத்துல மனு போடணும். அவங்க ஒரு குழு போடுவாங்க. குழு சம்பவ இடத்துக்கு வந்து பாக்கணும்." ராண்டாலின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அடுத்த பனிக்காலம் ஆயிடும்."

"அதுக்குள்ள என் செக்கு ஒம்போது நாள் முடிஞ்சு சேந்துரும்ல?" என்றார் டொய்வோ.

"சேந்துரும் சார்."

"அப்போ சரி. அதுவரைக்கும் நான் இதத் தொட மாட்டேன். உக்காந்து மட்டும் பாத்துக்கறேன்."

"கணக்க எப்ப தொறப்பீங்க?" என்றாள் ஆர்டிஸ்.

"கட்டத்துல டிக் பண்ணாத்தான் திறக்க முடியும்மா."

"குடுய்யா அத." ஆர்டிஸ் படிவத்தை வாங்கி, குற்றவாளிக்கும் ஏமாளிக்கும் நடுவில் தன் கையாலேயே மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் அழுத்தி ஒரு டிக் போட்டாள். நீல மை. ராண்டால் அதை வெகு நேரம் பார்த்தார். நீல மையில் இருப்பதை மறுக்க நடைமுறையில் இடமில்லை போலிருக்கிறது, கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு தாள் பாக்கியிருந்தது. மேற்படி மீன் வீட்டை இப்போது நிற்கும் இடத்திலிருந்து நகர்த்த மாட்டேன், நகர்த்த யாருக்கும் உதவ மாட்டேன், நகர்த்துவது பற்றி நினைக்கவும் மாட்டேன் என்று சொந்தக்காரர் உறுதி கொடுக்க வேண்டும்.

வெர்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். நாற்பது வருஷத்தில் எத்தனையோ வங்கிப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை, படித்த அளவுக்கு ஒத்துக்கொண்டதும் இல்லை. இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மூன்று பிரதியிலும் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு பிரதி இருந்தா அதுலயும் போடறேனே," என்றார்.